மீன்முள் விழுந்த ஞாயிற்றுக்கிழமைகள்

மட்டாஞ்சேரியில் சுக்குச் சந்து என்று நாங்கள் சொல்லும் ஒரு சந்து உண்டு. பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளுக்குப் பின்னால், எதிரெதிராகப் பன்னிரண்டு வீடுகள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஒருத்தர் துபாயில், ஒருத்தர் பெங்களூரில், சிலர் எர்ணாகுளத்தில். எல்லோரும் சேர்ந்து கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் டிவி மாட்டியவன் என்ற முறையில் என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

தினமும் காலையில் எண்பதுகளில் வந்த விளம்பரம் ஒன்றை யாராவது தேடியெடுத்துப் போடுவார்கள். பிஸ்கட்டுக்காகச் சைக்கிளில் துரத்தும் சிறுமி, ஒரே ஸ்கூட்டரில் போகும் நாலு பேர் குடும்பம், தலைவலித் தைலம் தடவியதும் எழுந்து நின்று சிரிக்கும் குமாஸ்தா. உடனே பத்துப் பதினைந்து பேர் "அய்யோ, இது!" என்று எழுதுவார்கள். அந்த இந்தி வரிகளுக்கு அன்றைக்கும் அர்த்தம் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் முழுதும் பாடுவார்கள்.

எனக்கு அந்த விளம்பரங்கள் அவ்வளவாக ஞாபகம் இல்லை. அவர்கள் டிவியின் முகத்தைப் பார்த்தவர்கள். நான் பார்த்ததெல்லாம் அதன் முதுகை.

இதைக் குழுவில் ஒருநாள் எழுதியபோது செல்வி எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினாள். செல்வி இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில் மேற்பார்வையாளர். "நாயகம் மாமா, முதுகைப் பார்த்த கதையத்தான் நீங்க எழுதணும். மீன்முள் கதையும் வேணும். அதை விட்டுட்டு எழுதினா சம்மதிக்க மாட்டேன். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், மலையாளம்னா எளுப்பம். ஆனா அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தானே வாசிக்கத் தெரியும். அதனால தமிழ்லயே எழுதுங்க."

அவள் அம்மா முத்துலட்சுமி அக்காதான் அந்தக் கதைக்கு உரியவர். அவர் வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தபின் கொஞ்சம் கவனமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் கோமதிநாயகம். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே ஒரு மிளகுக் கிடங்கில் எடைபோடும் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது மட்டாஞ்சேரியில். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பில் இரண்டு வருடப் படிப்பு முடித்து, எர்ணாகுளத்தில் ஒரு டிவி விற்பனை நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆறு மாதம் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். அதற்குப் பிறகு கொச்சிக் கரை முழுவதையும் என்னிடம் விட்டார்கள்.

விட்டவர் குருவிளா சார். சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். ஒரு வீட்டுக்குள் போனால் செருப்பை வாசலில் சுவரோரமாக வைப்பார். உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். டிவி பக்கம் திரும்பவே மாட்டார். தண்ணீரை மெதுவாகக் குடித்து முடிப்பதற்குள் அந்த வீட்டில் டிவியை யார் போடுகிறார்கள், யார் அணைக்கிறார்கள், எந்தப் பிள்ளை பட்டனைத் திருகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் டிவியைத் தொடுவார்.

அவர் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில், வேலைச் சீட்டில். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அதில் மூன்று கட்டங்கள்: வாடிக்கையாளர் சொன்னது, நாம் பார்த்தது, நாம் செய்தது. முதல் கட்டத்தில் அவர்கள் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த பாஷையில் மாற்றி எழுதக் கூடாது. இரண்டாவது கட்டத்தில் நம் கண்ணால் பார்த்தது மட்டும். பார்க்கவில்லை என்றால் 'பார்க்கவில்லை' என்றே எழுத வேண்டும்.

ஒருமுறை கல்வத்தியில் ஒரு பெரியவர், "கதைக்கு நடுவில் சோப்பு விற்கிறார்கள், அதை எடுத்துத் தரவும்" என்று புகார் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே வெறும் கையோடு திரும்பினேன். குருவிளா சார் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்து நீட்டினார். முதல் கட்டத்தில் பெரியவர் சொன்னதை அப்படியே எழுத வைத்தார். இரண்டாவதில் 'படம், ஒலி இரண்டும் நன்று'. மூன்றாவதில் 'விளம்பரம் நிலையத்திலிருந்து வருவது என்று விளக்கப்பட்டது'. எழுதிய பிறகு, "எடோ நாயகம், போய் விளக்கிட்டு வா" என்று மறுபடியும் படகேற்றி அனுப்பினார். பெரியவர் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நிலையத்தின் விலாசத்தைக் கொடு என்றார்.

அந்த நாட்களில் ஆன்டெனா மாட்டுவது ஒரு வீட்டு விசேஷம் போல நடக்கும். மாடியில் நான், படியில் ஒருத்தர், வாசலில் ஒருத்தர், டிவி முன்னால் முழுக் குடும்பம். நான் குழாயைத் திருப்பி, "வந்நோ?" என்று கத்துவேன். கேள்வி கை மாறிக் கை மாறிக் கீழே போகும். பதில் மேலே வரும்: "வந்நு, வந்நு!" ஒரு நொடி கழித்து, "அய்யோ, போயி!" கடல் காற்றில் அலுமினியக் கம்பிகள் ஆறே மாதத்தில் வெண்மையாகப் பூத்துப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வாஸ்லின் தடவ வேண்டும். காக்கை உட்கார்ந்து திசை மாறிப்போவது தனி. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு மாடி ஏறுவேன்.

ஒளிபரப்பு சாயங்காலம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே உண்டு. பகலில் நாங்கள் போகும்போது நிலையத்திலிருந்து எதுவும் வராது. கையில் கொண்டுபோகும் ஒரு சிறிய கருவியிலிருந்து கோடு கோடாக ஒரு படத்தை டிவிக்குள் செலுத்தி, அதை வைத்துத்தான் சரிபார்ப்போம். இந்த விவரத்தைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

சுக்குச் சந்தில் மொத்தம் நாலு டிவி. அதில் ஒரே கலர் டிவி தாமோதரன் சேட்டன் வீட்டில். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். ஞாயிறு காலை அவர் வீட்டு நடு அறையில் சந்து முழுக்க உட்கார்ந்திருக்கும். பாய் விரித்துப் போடுவார், பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பார். தன் வீட்டுப் படம் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. பூஸ்டர் வேண்டும் என்று கேட்டார். ஆன்டெனாவுக்கு வரும் சிக்னலைப் பெருக்கி உள்ளே அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி அது. குழாயிலேயே கட்டிவிடுவோம்.

அதைக் கட்டப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வேறு நாள் வரச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒன்பது மணித் தொடருக்கு இன்னும் இருபது நிமிடம். கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. "நாயகம், கழிஞ்ஞோ? நாயகம், கழிஞ்ஞோ?" என்று, முடிந்ததா எனக் கேட்டுப் படியிலிருந்து குரல் வந்தபடியே இருக்கிறது. நான் பூஸ்டரை மாட்டி, ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரையும், பெட்டியிலிருந்து கீழே போகும் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே டேப்பால் குழாயோடு சுற்றிக் கட்டினேன். அப்படிக் கட்டக் கூடாது. இரண்டையும் ஒரு முழ தூரம் விலக்கிக் கட்ட வேண்டும் என்று குருவிளா சார் குறைந்தது நூறு முறை சொல்லியிருப்பார். அன்றைக்குப் படம் கண்ணாடி போல வந்தது. கீழே கை தட்டினார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து தொடரைப் பார்த்துவிட்டு, பூரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே சந்திலிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. முதலில் மரியா சேச்சி. மீன் விற்பவர், வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. "படத்து மேல மத்தி முள்ளா விழுது, மோனே" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். பகல் நேரம். என் கருவியை வைத்துப் பார்த்தேன், டிவியில் குறையொன்றும் இல்லை. அடுத்து இன்னொரு வீடு. பிறகு தாமோதரன் சேட்டன் வீடே. ஞாயிறுகளில் ரொம்ப மோசம், சாயங்காலங்களில் அவ்வப்போது என்றார்கள். வீடுகளில் எதுவும் கெடவில்லை என்றால் வெளியிலிருந்து ஏதோ கலக்கிறது என்று அர்த்தம்.

தாமோதரன் சேட்டன் வீட்டு வாசலில் நின்று அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நாலைந்து பேர். எதிர் வீட்டிலிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்டது. மோட்டார் வைத்த மிஷின், விர்ரென்று ஓடி நிற்கும், மறுபடியும் ஓடும்.

"எந்தாயிருக்கும் நாயகம்?" என்று தாமோதரன் சேட்டன் கேட்டார்.

நான் தலையைத் தூக்காமலேயே சொன்னேன். "இந்த மாதிரி மோட்டாரா இருக்கும். தையல் மோட்டார் டிவியில கலக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். அட்டையின் இரண்டாவது கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். 'மோட்டார் கலப்பு' என்று எழுதினேன். பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த மிஷின் முத்துலட்சுமி அக்காவுடையது. தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பார். அக்காவுக்குச் சிறு வயதிலேயே வலது கால் சூம்பிப்போனது. மிஷினை மிதிப்பது முடியாத காரியம். அதனால்தான் மோட்டார் வைத்தார். இடது காலால் லேசாக அழுத்தினால் போதும். பஜாரில் ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்துவந்தார். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு மாத வேலைதான் அவருக்கு அந்த வருடச் சாப்பாடு. செல்விக்கு அப்போது ஒன்பது வயது.

நான் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலமே நாலு பேர் அவர் வாசலுக்குப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. "என் மிஷின் ஒண்ணும் பண்ணலியே" என்று அக்கா சொல்லியிருக்கிறார். "கம்பெனிக்காரன் சொன்னான், நீங்க இல்லைன்னா எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். சரி, சாயங்காலமும் ஞாயிறும் ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு நல்ல வெயில், படம் தெளிவாக வந்தது. பார்த்தாயா என்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு மழைத் தூறல், மறுபடியும் முள். அக்கா திருட்டுத்தனமாக ஓட்டுகிறார் என்று பேச்சு வந்தது. அன்றைக்குத்தான் செல்வியை டிவி பார்க்கும் பாயிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். அடித்து விரட்டவில்லை. "மோளே, அம்மா மோட்டார நிறுத்தட்டும், பின்ன வா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

இதெல்லாம் தெரியாமல் ஒருநாள் பகலில் தாமோதரன் சேட்டன் டிவியின் ஒலிக் குமிழைச் சரிசெய்யப் போனேன். டிவிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே ஒரு ஆணி. அதில் ஒரு ரப்பர் பெல்ட் தொங்கியது. தையல் மிஷினையும் மோட்டாரையும் இணைக்கும் பெல்ட்.

"இது என்ன சேட்டா, இங்க?"

"அந்த அக்காவோடது. சனிக்கிழமை சாயங்காலம் கழட்டி இங்க தந்துடணும், திங்கள் காலைல எடுத்துக்கலாம். இந்த வாரம் இன்னும் வாங்கிட்டுப் போகல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "சண்டையில்ல, ஒண்ணுமில்ல. மரியாதையாப் பேசி முடிச்சோம். நீ சொன்னதல்லே, மோட்டார்னு."

வெளியே வரும்போது எதிர் வீட்டைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. அக்கா வலது கையால் மிஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீலத் துணி ஒரு குன்று. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி துணிக்குத் திரும்பினார். தமிழ்க்காரன், தெரிந்தவன் என்று நான் எப்போது போனாலும் "வாங்க தம்பி" என்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. பெல்ட்டை ஏன் வாங்கிவரவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு, என் பெல்ட்டைக் கொடுங்கன்னு கேக்க முடியல தம்பி" என்றார்.

மறுநாள் காலை நான் வாய் திறக்கும் முன்பே குருவிளா சார் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் சுக்குச் சந்தின் அட்டைகள் வரிசையாக இருந்தன. ஒரே இடத்திலிருந்து நாலு புகார் வந்தால் அப்படிப் பரப்பி வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

மரியா சேச்சியின் அட்டையில் விரலை வைத்தார். "மத்தி முள். அவங்க சொன்னதா, நீ சொன்னதா?"

"அவங்க சொன்னது சார்."

"தையல் மோட்டார் முள்ளு போடுமா?"

மோட்டார் கலந்தால் படத்தில் பொரி சிதறியது போலப் புள்ளி புள்ளியாக வரும். முள் மாதிரிச் சாய்ந்த கோடுகள் வருவது வேறு காரணத்தால். படித்திருக்கிறேன். அவர் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

"மோட்டார் கலப்புன்னு எழுதியிருக்க. நீ பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்ப யார் பார்த்தது?"

பெல்ட் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல குர்பானா முடிஞ்சதும் படகுல வர்றேன். படகுத்துறையில நில்லு" என்றார்.

ஞாயிறு காலை அதே சட்டை, கையில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிவி. தூறிக்கொண்டிருந்தது. சந்துக்குள் நுழைந்ததும் நேரே தாமோதரன் சேட்டன் வீட்டுக்குப் போனார், தண்ணீர் கேட்டார், குடித்தார். அறை நிறைய ஆட்கள். திரையில் ராஜாவும் மந்திரியும் முட்களுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். சார் ஆணியிலிருந்த பெல்ட்டைப் பார்த்து, "இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

முத்துலட்சுமி அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க உக்காருங்க" என்று சார் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பெல்ட்டை என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். சின்ன டிவியை மிஷினுக்கு இரண்டடி தூரத்தில் ஸ்டூலில் வைத்தார். அதிலும் முள் தெரிந்தது.

"இப்ப ஓட்டுங்கம்மா. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு."

அக்கா ஓட்டினார். திரையின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொரி சிதறியது. "நிறுத்துங்க." பொரி போனது. முள் அப்படியே இருந்தது. மூன்று முறை ஓட்டி நிறுத்த வைத்தார். கதவருகே நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு சின்ன டிவியைத் தூக்கிக்கொண்டு சந்தின் நடுவில் நின்றார். நான் குடை பிடித்தேன். மரியா சேச்சி வீட்டு டிவியை அணைக்கச் சொன்னார். முள் இருந்தது. அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. இருந்தது. கடைசியில் தாமோதரன் சேட்டனிடம், "உங்க டிவியையும் பூஸ்டர் சுவிட்சையும் அணைக்க முடியுமா?" என்றார்.

அவர் உள்ளே போனார். சார் கையிலிருந்த திரையில் முட்கள் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்தன. ராஜாவின் முகம் தெளிவாக நின்றது.

மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கூவுமே, அதேதான் நடந்திருக்கிறது. பெட்டிக்குள் போகும் ஒயரும் வெளியே வரும் ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததால், வெளியே போனது மறுபடி உள்ளே புகுந்து, பூஸ்டரே கூவ ஆரம்பித்து, சுற்றியுள்ள எல்லா டிவியிலும் அந்தக் கூவல் முள்ளாக விழுந்திருக்கிறது. மழை ஈரத்தில் அதிகம், வெயிலில் குறைவு.

"இது ஆரு பிடிப்பிச்சது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். யார் மாட்டியது என்ற கேள்வி. தாமோதரன் சேட்டன் என்னைப் பார்த்தார். குருவிளா சார் என்னைப் பார்க்கவில்லை. டிவியின் கம்பியை மடக்கி, ஈரத்தைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "நான்தான் தப்பாக் கட்டினேன். அவசரத்துல கட்டினேன். அப்புறம் பார்க்காம மோட்டார்னு சொன்னதும் நான்தான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

மரியா சேச்சி, "கர்த்தாவே, அந்தக் குட்டிய எழுப்பி விட்டோமே" என்றார்.

நான் அக்காவின் வாசலுக்குப் போனேன். அவர் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். "அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அன்னிக்கும் நாலு பேருக்கு முன்னால சொன்னீங்க. இன்னிக்கும் நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க. சரி தம்பி" என்றார். பிறகு, "ஆனா கடைக்காரருக்கு இது கேட்டிருக்காதே" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, முந்தின வாரமே கடைக்காரர் பாதித் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஒருத்தரிடம் கொடுத்துவிட்டார் என்று.

மாடியேறி ஒயர்களைப் பிரித்துக் கட்ட ஒரு மணி நேரம் ஆனது. அந்த வாரத் தொடர் சந்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. தாமோதரன் சேட்டன் மழையில் நனைந்தபடி எதிர் வீட்டு வாசல் வரை போய், நின்று, ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். என்ன சொன்னார் என்று நான் இருவரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முழுக் கதையையும் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "மோட்டார் யாருதுன்னு நான் கேட்கல. தேதிக்குத் துணி வரணும். வரல. கொடுத்தாச்சு, இனி அவங்ககிட்டேர்ந்து பிடுங்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் பாதி வேலைதான் கிடைத்தது. அடுத்த வருடம்தான் பழைய மாதிரி ஆனது. அந்த ஜூன் மாதத்தை எப்படிச் சமாளித்தார் என்று அக்கா சொன்னதில்லை. செல்வி பழைய சீருடையில் கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போனதை நான் பார்த்தேன்.

அலுவலகத்தில் குருவிளா சார் எனக்குத் தண்டனை எதுவும் தரவில்லை. ஒரு புது மஞ்சள் அட்டையை எடுத்து வைத்தார். "பேர் எழுது. முத்துலட்சுமி."

"சார், அவங்க வீட்டுல டிவியே இல்ல. நம்ம வாடிக்கையாளர் இல்லியே."

"எழுது. முதல் கட்டத்துல அவங்க சொன்னது என்ன?"

யோசித்தேன். 'என் மிஷின் ஒண்ணும் பண்ணலியே' என்று எழுதினேன். முதல் நாளே சொல்லப்பட்டு, ஒருத்தரும் எழுதிக்கொள்ளாத வாக்கியம்.

"நாம் பார்த்தது?"

'மிஷினில் குறை இல்லை.'

"நாம் செய்தது?"

அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் நடந்ததை நடந்தபடி நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு மற்ற அட்டைகளோடு கோப்பில் சேர்த்தார். அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும் நாளிலும் பேசவில்லை.

செல்வியை எல்லோரும் மறுபடி கூப்பிட்டார்கள். தாமோதரன் சேட்டன் தானே வந்து கூப்பிட்டார். அவள் போகவில்லை. தன் வீட்டில் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து, தெருவைத் தாண்டி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நோட்டில் பூ போடுவாள். இப்போது குழுவில் விளம்பரப் பாட்டுகளை ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறவள் அவள்தான்.

இரண்டு வருடம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு சீட்டு வந்தது. புது இணைப்பு, கறுப்பு வெள்ளை, சுக்குச் சந்து. கீழே ஒரு குறிப்பு: 'கோமதிநாயகம் வந்து மாட்டினால் போதும், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம்.' பெயர் முத்துலட்சுமி.

சனிக்கிழமை மதியம் போனேன். அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தார், நிறுத்தவில்லை, "வாங்க தம்பி" என்றார். செல்வி ஆன்டெனாக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் நிலையத்திலிருந்து சோதனைக் கோடுகள் வரத் தொடங்கியதும், வாசலில் நின்று "வந்நோ?" என்ற கேள்வியை உள்ளே கொண்டுபோய்ப் பதிலை மேலே கொண்டுவந்தவர் மரியா சேச்சி. நிகழ்ச்சி தொடங்கும்வரை நான் அங்கேயே இருந்தேன், பார்க்காமல் போகக் கூடாது என்று.

நிலையத்தின் முத்திரை சுழன்றது, இசை வந்தது, செய்தி வந்தது. பிறகு விளம்பரம். செல்வி திரைக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும் முன்பே அதற்கு உதடு அசைந்தது. எல்லாம் அவள் போகாமலிருந்த இரண்டு வருடத்தில் வந்தவை, காதால் மட்டும் கேட்டவை. பிஸ்கட் சிறுமி வந்ததும் திரும்பிப் பார்த்து, "அம்மா, இவ சைக்கிள்லயா போறா? நான் பஸ்ஸுன்னுல்ல நினைச்சேன்" என்றாள். தைலம் தடவும் குமாஸ்தாவைப் பார்த்து, "இவருக்கு மீசையே இல்ல" என்றாள். ஒவ்வொரு ஆச்சரியத்தையும் அம்மாவுக்குச் சொன்னாள். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றுக்கும் "ஓ" சொன்னார். மிஷின் ஓடியபடியே இருந்தது.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, கம்பெனியில என்னை விட நல்ல ஆளுங்க நாலு பேர் இருக்காங்க. அதுக்கப்புறமும் ஏன் என்னையே வரச் சொன்னீங்க?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மத்தவங்க கட்டினது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீங்கன்னா, தப்பா இருந்தா நீங்களே வந்து சொல்லிடுவீங்க."

நான் வாசல் வரை போய் நின்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறி, நான் போட்டிருந்த ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.